ஆண் கெண்டையின் சாட்சியம்

"அண்ணாச்சி, மீன் பொய் சொல்லுமா?" என்று கேட்டுக்கொண்டேதான் எபநேசர் வீட்டுக்குள் வந்தார்.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பெருமாள்சாமி ஈஸிசேரில் வலது காலை நீட்டிப் படுத்திருந்தார். முழங்காலில் எண்ணெய் தடவியிருந்தது. முப்பத்தொரு வருஷம் போலீஸில் இருந்தவருக்கு மனுஷர்கள் சொன்ன பொய்யே போதும் போதும் என்றாகியிருந்தது. இனி மீன் சொல்வதையும் விசாரிக்க வேண்டுமா என்று உள்ளுக்குள் அலுத்துக்கொண்டார். ஆனால் எபநேசரை வரவேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. கோவில்பட்டிக் கடைவீதியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊரில் எங்கே எது காணாமல் போனாலும் பெருமாள்சாமியைத் தன் ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்க்கை லட்சியம். இன்ஸ்பெக்டர் வேலையை விட்டாலும் எபநேசர் விடுவதாக இல்லை.

அவருக்குப் பின்னால், பஸ் தூசி படிந்த பருத்திச் சேலையோடு ஒரு பெண் தயங்கி நின்றாள். வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும். பெயர் சத்தியபாமா. ஊருக்கு மேற்கே உள்ள கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. விளாத்திகுளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். அவளுடைய டாக்டர் பட்ட ஆய்வேட்டை எபநேசர்தான் டைப் அடித்துக்கொண்டிருந்தார். அந்த வகையில்தான் அவளுடைய கஷ்டம் இவர் காதுக்கு வந்து, இங்கே வந்து சேர்ந்தது.

பெருமாள்சாமியின் மனைவி சீனித்தாய் மூன்று பேருக்கும் அரை அரை தம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "தண்ணி வந்து நாலு நாளாச்சு. இன்னும் நாலு நாள் ஓட்டணும். தப்பா நெனைக்காதீங்கம்மா" என்றாள். 1983 ஆகஸ்ட் மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. மழை பொய்த்து இரண்டாவது வருஷம். அரை தம்ளருக்கு யாரும் தப்பாக நினைக்கிற காலம் போய்விட்டது.

சத்தியபாமா சொல்ல ஆரம்பித்தாள். ஆனால் அந்த ஆய்வேட்டை மூன்று முறை டைப் அடித்த எபநேசர், அவளைவிட ஒரு வாக்கியம் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார். பெண் கெண்டைக்குச் சினை முதிர்ந்து முட்டையிடும் பருவம் வந்ததும், அதன் உடம்பிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கலக்கிறது. அதற்கு நிறமில்லை. மனுஷ மூக்குக்கு வாடையும் தெரியாது. ஆண் கெண்டைக்குத் தெரியும். மீனுக்கு வாய்க்கு மேலே இரண்டு மூக்குத் துவாரங்கள் உண்டு. மூச்சு விடுவதற்கல்ல, மோப்பத்துக்கு மட்டும். ஒரு குடம் தண்ணீரில் அந்தப் பொருள் ஒரு துளியில் நூறில் ஒரு பங்கு இருந்தாலும் ஆண் மீன் அறிந்துகொண்டு, பெண்ணைக் கண்ணால் பார்க்காமலே அந்தப் பக்கம் தேடிப் போகும்.

"மூக்கைப் பஞ்சால அடைச்சா போகாது அண்ணாச்சி. அதையும் செஞ்சு பார்த்திருக்காவ. பதினேழாம் பக்கம்" என்றார் எபநேசர்.

சோதனை எளிமையானதுதான். ஒரு நீளத் தொட்டி. அதன் ஒரு முனையில், முதிர்ந்த பெண் மீன் கிடந்த தண்ணீர் குழாய் வழியாகச் சொட்டும். மறுமுனையில் வெறும் தண்ணீர் சொட்டும். நடுவில் ஓர் ஆண் கெண்டையை விட்டு, அது எந்தப் பக்கம் போய்ச் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு இருபது மீன்கள். ஜனவரியிலிருந்து ஜூன் வரை இருபதில் பதினேழு, பதினெட்டு மீன்கள் பெண் தண்ணீர்ப் பக்கமே போயின. ஜூலை பிறந்ததிலிருந்து எல்லாம் கெட்டுப் போயிற்று. இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. நாணயத்தைச் சுண்டிவிட்டாலும் அப்படித்தான் விழும்.

வருகிற வியாழக்கிழமை அவளுடைய ஆய்வு வழிகாட்டி பாளையங்கோட்டையிலிருந்து வருகிறார். மீன்கள் போவதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டார். ஆய்வுப் பதிவுக்கு இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு கெடு முடிகிறது. கையெழுத்து இல்லையென்றால் ஏழு வருஷ உழைப்பும் போயிற்று. பட்டத்தை நம்பித்தான் அவளுடைய வேலையும் இன்னும் நிரந்தரமாகாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"வேலை போனாக்கூடப் போகட்டும் சார். வியாழக்கிழமை மீன் போகலேன்னா, நான் முன்னால எழுதுனதெல்லாம் வீட்ல உக்காந்து நானாப் போட்ட கணக்குன்னு ஆயிரும். அதைத்தான் என்னால தாங்க முடியாது" என்றாள் சத்தியபாமா. அழவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டார் பெருமாள்சாமி. இதைக் கேட்காமல் அவர்கள் போகமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சந்தேகமல்ல, நிச்சயம் என்றாள் அவள். ஜூலையிலிருந்து ஐந்தே ஐந்து நாள் சோதனை பழையபடி சரியாக வந்தது. ஜூலை 4, 12, 20, 28, ஆகஸ்ட் 5. கிழமைகளைப் பார்த்தால் திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி என்று ஒன்றோடொன்று சேரவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த ஐந்து நாளும் அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியர் மந்திரமூர்த்தி அரை நாள் லீவு. அவர் இல்லாத நாளில் மீன் சரியாகப் போகிறது, அவர் இருக்கிற நாளில் போவதில்லை. இவள் காத்திருக்கும் அதே நிரந்தர வேலைக்கு அவரும் மனுப் போட்டிருக்கிறார். பிரின்ஸ்பாலிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்தாள். அவர் மந்திரமூர்த்திக்கு மெமோ கொடுத்தார். ஐந்து நாளும் எங்கே போனீர் என்பதற்கு, 'சொந்த வேலை' என்ற இரண்டு வார்த்தையைத் தவிர மந்திரமூர்த்தி எதுவும் எழுதவில்லை.

"இதுக்கு மேல என்ன வேணும் அண்ணாச்சி? பெண் மீன் தண்ணில எதையோ கலந்து வாடையைக் கெடுக்கான்" என்றார் எபநேசர்.

பெருமாள்சாமி அவளுடைய சோதனைக் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினார். சுத்தமான கையெழுத்து. ஜூன் 30-ஆம் தேதியில் மட்டும் எண்களுக்குப் பதில் ஒரு வரி இருந்தது: 'தண்ணீர் இல்லை. சோதனை நடக்கவில்லை.' அதற்குப் பிறகு அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. அன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். டிரம் காலியாகக் கிடந்ததாகவும், ஆய்வக உதவியாளர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டதாகவும், அதன் பின் ஒரு நாளும் குறை வந்ததில்லை என்றும் சத்தியபாமா சொன்னாள். தண்ணீர் விஷயமெல்லாம் இசக்கியம்மாள் பார்த்துக்கொள்வாள். தனக்கு ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும் சொன்னாள்.

பெருமாள்சாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்படிப் பக்கம் போனார். அங்கே சுவரில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. சில தேதிகளின் மேல் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. சீனித்தாய்க்கு விரத நாளாக இருக்கும் என்று எபநேசர் நினைத்தார். அதன் முன்னால் பெருமாள்சாமி சிறிது நேரம் நின்றுவிட்டு, திரும்பி வந்து செருப்பை மாட்டினார்.

"மீனைப் பார்த்துட்டு வருவோம்" என்றார். எபநேசர் அதற்குள் ஸ்கூட்டரை உதைத்துவிட்டார்.

ஆய்வகம் கல்லூரியின் பின்பக்கத்தில் ஓடு போட்ட நீளமான அறை. எபநேசர் உள்ளே நுழைந்ததும் ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். பூட்டைக் கழற்றிப் பார்த்தார். மந்திரமூர்த்தியின் அலமாரியில் பார்மலின் பாட்டில் ஒன்றைக் கண்டுபிடித்து, கையால் தொடாமல் கைக்குட்டையால் தூக்கிக்கொண்டு வந்தார். இறந்த உயிர்களைப் போட்டு வைக்க ஒவ்வொரு விலங்கியல் ஆய்வகத்திலும் அது இருக்கும் என்று சத்தியபாமா சொன்னதும் முகம் வாடித் திரும்ப வைத்துவிட்டார்.

பெருமாள்சாமியோ மூலையில் இருந்த தண்ணீர் டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். விளிம்புக்கு நாலு விரல் கீழே வரை தண்ணீர் நின்றது. நல்ல தெளிவு. இதில் எத்தனை குடம் பிடிக்கும் என்று கேட்டார். பன்னிரண்டு. ஒரு நாள் சோதனைக்கு எவ்வளவு செலவு? பெண் மீன் தொட்டிக்கு இரண்டு குடம், வெறும் தண்ணீர்க் குழாய்க்கு ஒரு குடம், ஆக மூன்று. கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் மீனுக்கு ஆகாது. குழாயில் வரும் நல்ல தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். சோதனை முடிந்த தண்ணீரை என்ன செய்வீர்கள்? பின்பக்கச் சாக்கடையில் ஊற்றச் சொல்லியிருப்பதாக சத்தியபாமா சொன்னாள். இதற்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று எபநேசருக்கு எரிச்சலாக வந்தது.

பின்கதவைத் திறந்துகொண்டு பெருமாள்சாமி வெளியே போனார். கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. சாக்கடைக் குழாயின் வாய்க்குக் கீழேயும் அதே வெடிப்பு. ஒரு புல் இல்லை, ஓர் ஈரத்தடம் இல்லை. வேலியில் பழைய வேட்டித் துணி ஒன்று நான்காய்க் கிழித்துக் காயப் போட்டிருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். துணியின் நடுவில், கசகசாவைவிடச் சிறிதாக, காய்ந்து ஒட்டிய ஏதோ நாலைந்து மணிகள். அவற்றை ஒரு காகிதத்தில் உதிர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த இசக்கியம்மாளிடம் எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை என்று இரண்டு வார்த்தை பேசினார். ஐம்பது வயது இருக்கும். ஓட்டப்பிடாரம் பக்கம். தினக்கூலிதான், நிரந்தரமில்லை. தண்ணீரைப் பற்றி அவளிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை.

மந்திரமூர்த்தி ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். வந்தவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்பதை எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார். பெருமாள்சாமி அவருடைய சட்டையைப் பார்த்தார். வெளுத்துத் தேய்த்த சட்டைதான். ஆனால் இடது தோளில் மட்டும் துணி நைந்து நூல் தெரிந்தது. வீடு எங்கே என்று கேட்டதற்கு, பெருமாள்சாமியின் தெருவுக்கு அடுத்த தெருவைச் சொன்னார். வீட்டம்மா சுகமா என்று கேட்டதற்குப் பேனாவைக் கீழே வைத்தார். ஜூன் மாதம் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள், மாவுக்கட்டு போட்டிருக்கிறது என்றார். மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது எபநேசர் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினார். "ஒண்ணுமே கேக்கலியே அண்ணாச்சி. பொண்டாட்டி சுகமான்னு கேக்கதுக்கா அவ்வளவு தூரம் போனோம்?"

"அதுக்கும்தான்வே போனோம். நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு எல்லாரையும் ஆய்வகத்துக்கு வரச் சொல்லும். பிரின்ஸ்பாலும் வரட்டும். வரும்போது எங்க வீட்ல இருந்து ஒரு குடம் தண்ணி உம்ம ஸ்கூட்டர்ல வச்சுக் கொண்டு வரணும். சிந்தாம" என்றார் பெருமாள்சாமி.

அந்த ஒரு குடத்தைக் கொடுக்க சீனித்தாய் பட்ட பாட்டைப் பெருமாள்சாமி மட்டுமே அறிவார்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு ஆய்வகத்தில் ஆறு பேர் கூடியிருந்தார்கள். பிரின்ஸ்பால் நாற்காலியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மந்திரமூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு வாசலை ஒட்டி நின்றார். எபநேசர் நனைந்த சட்டையோடு குடத்தின் பக்கத்தில் நின்றார். இசக்கியம்மாள் கதவோரம் துடைப்பத்தோடு நின்றாள். இருக்கச் சொன்னதால் இருந்தாள்.

பெருமாள்சாமி சத்தியபாமாவிடம், இன்றைக்குப் பெண் மீன் தண்ணீர் வேண்டாம் என்றார். தொட்டியின் இடது முனைக் குழாயில் ஆய்வக டிரம்மில் இருக்கும் வெறும் தண்ணீரை விட வேண்டும். வலது முனையில் தன் வீட்டுக் குடத்துத் தண்ணீர். இரண்டும் வெறும் தண்ணீர்தானே, மீன் எதற்காக ஒரு பக்கம் போகும் என்று அவள் கேட்டாள். போகாவிட்டால் நல்லது என்றார் அவர்.

முதல் ஆண் கெண்டையை நடுவில் விட்டாள். அது ஒரு நிமிஷம் அசையாமல் நின்றது. பிறகு இடது பக்கம் திரும்பி, குழாய் சொட்டும் இடத்துக்கு நேராகப் போய், வாயால் தொட்டியின் அடியைத் தட்டித் தட்டி எதையோ தேட ஆரம்பித்தது. இரண்டாவது மீனும் இடது பக்கம். மூன்றாவதும். பத்தில் ஒன்பது இடது பக்கமே போயின. சத்தியபாமா யாரையும் கேட்காமல் இரண்டு குழாய்களையும் இடம் மாற்றினாள். மீன்கள் வலது பக்கம் போயின. மூக்கில் பஞ்சு வைத்த இரண்டு ஆண் மீன்களைக் கொண்டுவந்து விட்டாள். அவை எந்தப் பக்கமும் போகாமல் நடுவிலேயே உலாத்தின. அவள் டிரம்மைத் திரும்பிப் பார்த்தாள்.

"டிரம் தண்ணில பெண் மீன் வாடை இருக்கு" என்றாள் மெதுவாக.

"ஆமா டீச்சர். ரெண்டு பக்கமும் பெண் வாடை சொட்டுனா ஆண் மீன் பாவம் என்ன செய்யும்? பாதி இங்கன போகும், பாதி அங்கன போகும். மீன் பொய் சொல்லல. நீங்க வெறும் தண்ணின்னு நெனைச்சது வெறும் தண்ணி இல்ல" என்றார் பெருமாள்சாமி.

பிரின்ஸ்பால் மந்திரமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார். யார் கலந்தது என்று கேட்டார்.

பெருமாள்சாமி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. விளக்கம் சொல்கிற இந்தக் கட்டம் வேலையில் இருந்த காலத்திலேயே அவருக்குப் பிடிக்காது. யாராவது ஒருவர் தலை குனிவார்கள். அலுப்போடுதான் ஆரம்பித்தார்.

சோதனை சரியாக வந்த ஐந்து தேதிகளும் எட்டு நாளைக்கு ஒரு முறை வருகிறவை. எட்டு நாள் கணக்கு கிழமையோடு சேராது, அதனால்தான் டீச்சருக்குப் பிடிபடவில்லை. கோவில்பட்டியில் இந்தப் பக்கத்து வீடுகளில் கேட்டிருந்தால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். அவை குழாயில் தண்ணீர் வரும் நாட்கள். ஜூன் கடைசி வாரம் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்த தண்ணீர், இருபத்தாறாம் தேதியிலிருந்து எட்டு நாளைக்கு ஒரு முறை என்றாயிற்று. அந்தத் தேதிகளில்தான் சீனித்தாய் காலண்டரில் பொட்டு வைக்கிறாள். கல்லூரிக்கும் அவர் தெருவுக்கும் ஒரே குழாய்.

"தண்ணி வந்த அன்னைக்கு டிரம்மைக் கழுவிப் புதுசா நெரப்புதாங்க. அன்னைக்குச் சோதனை சரியா வருது. மறுநாள்ல இருந்து கெட்டுப் போகுது. அப்போ முதல் நாள் சாயங்காலம் டிரம்முக்குள்ள ஏதோ நடக்கு" என்றார்.

டிரம்மில் பன்னிரண்டு குடம். நாளைக்கு மூன்று குடம் செலவு. வெள்ளிக்கிழமை நிரப்பிய டிரம்மில், வெள்ளி, சனி, திங்கள் மூன்று நாள் சோதனை போக, செவ்வாய்க்கிழமை காலை மூன்று குடம்தான் மிச்சம் இருந்திருக்க வேண்டும். அவர் மூடியைத் தூக்கியபோது ஏறக்குறைய முழு டிரம் இருந்தது. தினமும் மூன்று குடம் கழிவுத் தண்ணீர் போக வேண்டிய சாக்கடை வெடித்துக் கிடந்தது. ஒரு குடம் தண்ணீர் கொட்டினால் மறு வாரம் புல் தலை காட்டுகிற மண் இது. வேலியில் காய்ந்த துணியில் இருந்தது கெண்டை முட்டை. காகிதப் பொட்டலத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து சத்தியபாமாவிடம் கொடுத்தார்.

"சாக்கடைக்குப் போக வேண்டிய தண்ணி துணியில வடிஞ்சு டிரம்முக்கே திரும்பிப் போயிருக்கு."

அதற்கு மேல் அவர் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. துடைப்பம் கீழே விழுந்தது.

"நாந்தான் சார் ஊத்துனேன்" என்றாள் இசக்கியம்மாள். "டிரம்மு காலியாக் கெடக்கக் கூடாது, கெடந்தா நீதான் பதில் சொல்லணும்னு டீச்சரம்மா அன்னைக்குச் சொல்லிட்டாவ. எட்டு நாளைக்கு ஒருக்கத் தண்ணி வந்தா நாலு நாள்ல டிரம்மு காலி. நான் எங்க போவேன்? தொட்டித் தண்ணி தெளிவா இருந்துச்சு. அதைக் கொண்டு சாக்கடையில ஊத்த எனக்குக் கை வரல. சுத்தமான வேட்டித் துணியக் கெட்டி வடிச்சுத்தான் ஊத்துனேன். மீன் கெடந்த தண்ணி மீனுக்குத்தானன்னு நெனைச்சேன். அழுக்குத் தண்ணி ஊத்தல சார்."

எபநேசருக்குக் கையில் கிடைத்த குற்றவாளி நழுவிப் போன ஏமாற்றம் ஒரு பக்கமும், அந்தப் பெண்ணைப் பார்க்க முடியாத சங்கடம் ஒரு பக்கமுமாக இருந்தது. மந்திரமூர்த்தியின் லீவு மட்டும் அப்போ என்ன கணக்கு என்று கேட்டுவைத்தார்.

"அவரும் தண்ணி பிடிக்கத்தான்வே போனாரு. வீட்டம்மாவுக்குக் கால்ல கட்டு. தண்ணி வார நாள்ல குடம் தூக்க வேற ஆள் கெடையாது. தோள்பட்டையில சட்டை நைஞ்சிருக்கதைப் பாரும். தண்ணி வந்ததால அவரு லீவு. தண்ணி வந்ததாலதான் மீனும் சரியாப் போச்சு. ரெண்டும் ஒரே நாள்ல நடந்துச்சு, அவ்வளவுதான்."

இதைச் சொன்னால் மெமோவே வந்திருக்காதே, ஏன் எழுதவில்லை என்று பிரின்ஸ்பால் கேட்டார். மந்திரமூர்த்திக்கு முகம் சிவந்தது.

"பொம்பளையளோட வரிசையில குடத்தை வச்சிக்கிட்டு நிக்கேன்னு லீவு லெட்டர்ல எழுதச் சொல்லுதீங்களா? எங்கிட்டப் படிக்க பிள்ளைய எத்தனை பேரு அந்தத் தெருவுல இருக்காவ. காலேஜ்ல பாடம் நடத்துதவன் தோள்ல குடத்தோட போறான்னு அதுகளே சிரிக்குதுவ. அதை நான் கையெழுத்துப் போட்டு வேற குடுக்கணுமா?"

சத்தியபாமா அவரை நிமிர்ந்து பார்க்க முயன்றாள். முடியவில்லை.

பிரின்ஸ்பால் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நடந்தது நடந்துவிட்டது, மெமோவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். பிறகு, எல்லாருக்கும் சுலபமான வழி இதுதான் என்கிற தொனியில், இசக்கியம்மாளை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார். ஆய்வு வழிகாட்டியிடம் உதவியாளரின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தால் ஆசிரியையின் பெயரும் கெடாது என்றார்.

அது நடக்கக்கூடியதுதான். சத்தியபாமா ஒரு முறை தலையசைத்திருந்தால் போதும். ஏழு வருஷமும் கறைபடாமல் தப்பியிருக்கும். பெருமாள்சாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி இடத்தில் மனுஷர்கள் என்ன செய்வார்கள் என்பதில் அவருக்கு வெகுகாலமாக நம்பிக்கை இருந்ததில்லை.

"இசக்கியம்மாளை அனுப்பக் கூடாது சார்" என்றாள் சத்தியபாமா. "பன்னெண்டு குடத்தைக் குடுத்துட்டு எட்டு நாளும் குறையாமப் பாத்துக்கோன்னு சொன்னது நான். அது எப்படி முடியும்னு நான் ஒரு நாளும் கேக்கல. ஏழு வருசமாத் தண்ணில என்ன கலக்குதுன்னு பாத்தேன். தண்ணி எங்கன இருந்து வருதுன்னு பாக்கல. என் கவனக்குறைவுன்னுதான் எழுதப் போறேன். அதுக்காக வழிகாட்டி சார் கையெழுத்துப் போடலேன்னா போகட்டும்."

"ஜூலை மாசக் கணக்கை என்ன செய்யணும் டீச்சர்? கிழிச்சிரவா?" என்று எபநேசர் கவலையோடு கேட்டார்.

வேண்டாம் என்றாள். இரண்டு பக்கமும் வாடை இருந்தால் மீன் பாதிப் பாதியாகப் பிரியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஒருவருக்கும் தெரியாமலே நடந்த சோதனை அது. எல்லாவற்றையும் அப்படியே டைப் அடிக்கச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நாளைக்கு வழிகாட்டி வருகிறார். வாடை படாத நல்ல தண்ணீர் இரண்டு குடமாவது வேண்டும். அடுத்த தண்ணீர் சனிக்கிழமைதான். ஐந்தாவது நாளில் யார் வீட்டிலும் போய்க் கேட்க வாய் வராது. பெருமாள்சாமி வீட்டுக் குடமும் இப்போது காலி. அவள் அப்படியே தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வீட்ல ரெண்டு குடம் இருக்கு" என்றார் மந்திரமூர்த்தி.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்களுக்காக இல்ல டீச்சர். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கல. மீன் சரியாத்தான் போகும்னு தெரிஞ்சும், தண்ணிய வீட்ல வச்சிக்கிட்டு என்னால உக்கார முடியாது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் வழிகாட்டி வந்தார். வயதானவர், எதையும் நம்பாதவர். தொட்டியின் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து தானே எண்ணினார். இருபதில் பதினெட்டு. ஜூலை மாதத்துக் கதையை சத்தியபாமா ஒன்றுவிடாமல் சொன்னபோது, ஆய்வாளரின் கவனக்குறைவு என்ற வரியின் கீழ் ஒரு கோடு போட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஸ்கூட்டரில் திரும்பும்போது எபநேசர், கடைசியில் குற்றவாளியே இல்லாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார். இல்லாமல் போனால் நல்லதுதானே என்றார் பெருமாள்சாமி. மெமோ திரும்பப் பெறப்பட்டாலும் மந்திரமூர்த்தியின் பைலில் அதன் நகல் இருக்கத்தான் செய்யும். அது எபநேசருக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் வந்தது. பெருமாள்சாமி குடத்தோடு தெருமுனைக்குப் போனபோது அடுத்த தெருக் குழாயடியில் வரிசை வளைந்து நின்றது. நடுவில் சத்தியபாமா நின்றாள். விளாத்திகுளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். இடுப்பில் ஒன்று, காலடியில் ஒன்று என்று இரண்டு குடங்கள். அவளுக்கு மூன்று பேருக்கு முன்னால் மந்திரமூர்த்தி நின்றார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அவள் முறை வந்ததும் இரண்டு குடத்தையும் நிரப்பினாள். ஒன்றைத் தூக்கிக்கொண்டு மந்திரமூர்த்தி வீட்டை நோக்கி நடந்தாள். குடம் தூக்கிப் பழக்கமில்லை. சேலை முழுக்க நனைந்தது. மாவுக்கட்டுப் போட்ட வீட்டம்மா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, யார் என்ன என்று கேட்காமல் உள்ளே இருந்த அண்டாவைக் கையால் காட்டினாள். சத்தியபாமா அதில் ஊற்றிவிட்டு, காலிக் குடத்தோடு இரண்டாவது குடத்துக்காகத் திரும்பி வந்தபோது, மந்திரமூர்த்தி அதைத் தோளில் தூக்கிக்கொண்டு எதிரே வந்துகொண்டிருந்தார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள். கையிலிருந்த காலிக் குடத்தோடு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.